ஈ.சி.ஆரும் ஓசிச் சோறும்

நாலு பேர், ஒரு கார், மூன்று ராத்திரி, நாலு பகல். சென்னையில் கிளம்பி, முடிந்த வரைக்கும் கடலை விட்டு விலகாமல் தனுஷ்கோடி வரை போய் வரணும். திட்டம் இவ்வளவுதான். ஆபீஸ் ப்ராஜெக்டுக்குக் கூட போடாத உழைப்பைப் போட்டு ஒரு எக்செல் ஷீட் தயாரித்தேன். பொறியியல் படிச்சதுக்கு இதுக்காவது உதவட்டுமே.

அங்கங்கே உள்ளே புகுந்து வருவதையும் சேர்த்தால் போக வர 1,360 கி.மீ. லிட்டருக்கு 17 வீதம் 80 லிட்டர் பெட்ரோல், 8,000 ரூபாய். டோல், நுழைவுச் சீட்டு, இன்ன பிற 1,400. ரூம் இரண்டு, மூன்று ராத்திரிக்கு 9,000. சாப்பாடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 என்று 9,600. மொத்தம் 28,000, தலைக்கு 7,000. "ஏழாயிரமா? அஞ்சுக்குள்ள முடிடா" என்று ஒருத்தன். ஷீட்டை மறுபடி பார்த்தேன். தங்குவதும் தின்பதும் மட்டும் 18,600, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. காரை விற்றுவிட்டு நடந்தே போனாலும் இந்தச் செலவு குறையாது (நடந்தால் நாள் கூடும், இன்னும் ஏறும்).

அப்பத்தான் இந்தக் கேள்வி வந்தது. இந்தக் கடலோரத்தில் ஆயிரம் ரெண்டாயிரம் வருஷமாக ஜனங்கள் போய் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பாணன், வியாபாரி, பிக்கு, காசி யாத்திரைக்காரர், ராமேஸ்வர யாத்திரைக்காரர்... இவர்கள் யாரும் கட்டுச்சோற்றை மட்டும் நம்பி வந்திருக்க முடியாது. அப்ப அந்த ரெண்டு பத்திக்கும் யார் காசு கொடுத்தது? ட்ரிப் பிளான் அப்படியே ஒரு பக்கம் கிடக்க, நான் புத்தகங்களுக்குள் போய்விட்டேன். அதன் விளைவுதான் இந்த நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் மட்டும் தொடரவும் :-)

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் மூன்றையும் வேகமாகக் கடந்துவிடுகிறேன். மாமல்லபுரத்தைப் பற்றி எழுதாத ஆள் இல்லை. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டையும் கல்லறைகளும் இருக்கின்றன. 1754-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அங்கே உட்கார்ந்து சமாதானம் பேசி, ஒன்றும் தேறாமல் எழுந்து போனார்கள். பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் நம்ம சோற்றுக் கதைக்கு அது பயன்படாது.

கல்பாக்கம் தாண்டி இன்னும் தெற்கே போனால் கடப்பாக்கம். ஆலம்பரைக் கோட்டை இருக்கிற இடம். 1750-ல் டூப்ளே கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயர் இடித்த கோட்டை. நம்ம பசங்க போட்டோ எடுக்கப் போவது இங்கேதான். ஆனால் எனக்கு இந்த ஊர்ப் பக்கத்தின் பெயர்தான் பிடித்தது: இடைக்கழிநாடு. இரண்டு கழிகளுக்கு இடையில் கிடக்கிற நிலம். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை எழுதியவர் பெயரே இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அதாவது தமிழின் மிகப் பழைய 'வழிகாட்டி' நூல்களில் ஒன்றை எழுதியவர் ஈ.சி.ஆர்.காரர்!

ஆற்றுப்படை என்றால் என்ன? பரிசு வாங்கித் திரும்புகிற ஒரு பாணன், வழியில் பார்க்கிற பசித்த பாணனிடம், "இந்த வழியாப் போ, இன்ன ஊர்ல இன்னார் வீட்ல இது கிடைக்கும், கடைசியில இந்த ராஜாவைப் பார்" என்று சொல்வது. சிறுபாணாற்றுப்படையில் அந்த ராஜா ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தோடு சேர்ந்த ஊர். போகிற வழியில் முதலில் வருவது எயிற்பட்டினம். அதை மரக்காணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அங்கே பரதவர் வீட்டில் தேறலும் சுட்ட மீனும். அடுத்து வேலூரில் (கோட்டை இருக்கிற வேலூர் இல்லீங்க) எயினர் வீட்டில் புளி சேர்த்த சோறும் சுட்ட இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டில் கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டுக் கறியும். ஊர் ஊராக மெனு. ஒரு இடத்திலும் விலை இல்லை.

இதை ஜாலியான டூர் கைடு மாதிரி சொல்லிவிட்டேன், ஆனால் அப்படி இல்லை. கிளம்புகிற பாணன் வீட்டு நிலையையும் அதே பாட்டு காட்டுகிறது. இடிந்த அடுக்களையில் குட்டி போட்ட நாய். பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேக வைக்கிறாள். அக்கம்பக்கம் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திவிட்டுக் குடும்பம் சாப்பிடுகிறது. உப்பு வாங்க வக்கில்லாத வீட்டிலிருந்து கிளம்புகிறவனுக்கு முதலில் வருகிற ஊர், இன்று ரோட்டின் ரெண்டு பக்கமும் உப்பளம் வெள்ளையாகப் பரந்து கிடக்கிற மரக்காணம். கார் கண்ணாடி வழியாக அதைப் பார்க்கும்போது இந்த வீடு ஞாபகத்துக்கு வராமல் இருக்காது.

மரக்காணத்தில் இன்னொன்றும் முடிகிறது: பக்கிங்ஹாம் கால்வாய். ஈ.சி.ஆர். இன்றைய அகலமான ரோடாக ஆனதெல்லாம் 2000-களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன்பு சென்னைக்குத் தெற்கே கடலோரச் சரக்கு போன பெருவழி இந்தக் கால்வாய்தான். உப்பு, விறகு எல்லாம் படகில் போனது. 1806-ல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரை வெட்டியது முதல் துண்டு. அப்புறம் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டே போனார்கள். நகரத்துக்குள் கூவத்தையும் அடையாறையும் இணைக்கிற சுமார் எட்டு கிலோமீட்டர் மட்டும் பாக்கி இருந்தது. அதை வெட்டியது 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பஞ்ச நிவாரண வேலையாக. அப்போது கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் பிரபு, அதனால் அந்தப் பெயர்.

அந்த நிவாரண வேலைகளில் என்ன கூலி கொடுத்தார்கள் தெரியுமா? 1877 தொடக்கத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்கிற அதிகாரி வந்து, செலவு அதிகம் என்று கூலியைக் குறைத்தார். ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா. ஒரு பவுண்டு என்றால் 450 கிராம் சொச்சம். நாள் பூரா மண் வெட்டுகிற உடம்புக்கு இது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சில மாதம் கழித்துத்தான் அளவை ஏற்றினார்கள். அதற்குள் எத்தனையோ பேர் செத்துப் போயிருந்தார்கள். பட்ஜெட் ஷீட் போடுகிற எனக்கு இந்த டெம்பிளை நினைத்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. அவரும் ஒரு பத்தியைத்தான் குறைத்தார்.

புதுச்சேரி. பசங்க எதற்கு அங்கே இறங்கணும்னு சொல்றாங்கன்னு உங்களுக்கே தெரியும், விடுங்க. நான் போட்டிருக்கிற அடுத்த நிறுத்தம் கடலூரிலிருந்து உள்ளே திரும்பிப் போக வேண்டிய வடலூர். வள்ளலார் 1867 மே மாதம் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்பதில்லை. பசி என்று வந்தால் இலை. 19-ஆம் நூற்றாண்டில் எல்லாரும் ஒரே இடத்தில் சாப்பிடலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கீழே சத்திரங்களைப் பற்றிச் சொல்லும்போது புரியும். "ஓசிச் சோறு சாப்பிடப் போறோமா?" என்று கேட்டான் ஒருத்தன். ஆமாம், சாப்பிட்டுவிட்டு முடிந்ததை உண்டியலில் போடுவோம் என்றேன். (ஓசி என்கிற வார்த்தையே கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாகப் போன தபால்களில் காசில்லாமல் அனுப்புவதற்காகப் போட்ட இரண்டெழுத்துக் குறிப்பிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் முதல் ஓசி கிராக்கி கம்பெனிதான்!)

மறுபடி கடலோரத்துக்கு வந்தால் பரங்கிப்பேட்டை. 1781-ல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் பெரிய சண்டை நடந்த ஊர், போர்ட்டோ நோவோ என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எனக்கு இந்த ஊர் 2004 டிசம்பர் 26-க்காக முக்கியம். அன்று சுனாமியில் சுற்றியிருந்த மீனவக் கிராமங்கள் அழிந்தபோது, ஊர் ஜமாஅத் இறங்கி வேலை செய்தது. மீனவக் குடும்பங்களைத் தங்க வைத்து, அண்டா அண்டாவாகச் சமைத்துப் போட்டார்கள். அரசாங்கம் வந்து சேர்வதற்கு முன்பே சோறு வந்து சேர்ந்துவிட்டது. இந்த ஊரில் அதற்கு ஒரு நினைவுக் கல் கூடக் கிடையாதா என்று தேடிப் பார்க்கணும் என்று இருக்கிறேன்.

அடுத்தது பூம்புகார். இங்கே பட்டினப்பாலையை எடுத்துக்கொண்டு போனால் போதும், வேறு கைடு வேண்டாம். காவிரிப்பூம்பட்டினத்து அறச் சமையல்கூடங்களில் சோறு வடித்த கஞ்சி ஆறு மாதிரி தெருவில் ஓடுகிறதாம். அதில் எருதுகள் முட்டிக்கொண்டு சேறாகிறது. அந்தச் சேறு காய்ந்து, மேலே தேர்கள் ஓடித் தூசி கிளம்பி, சுண்ணாம்பு பூசின மாளிகைகளில் அப்புகிறது. கஞ்சியில் ஆரம்பித்து அரண்மனைச் சுவரில் முடிகிற இந்த ஒரு சங்கிலியில் ஊரின் மொத்தப் பணமும் தெரிகிறது. மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி நின்றதும் இதே ஊரில்தான். அட்டில்களில் அவ்வளவு கஞ்சி ஓடின ஊரில் எதற்கு ஒரு பெண் பாத்திரம் ஏந்தி எல்லாருக்கும் சோறு போட வேண்டியிருந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? இரண்டு நூலுக்கும் இடையில் பல நூற்றாண்டு இருக்கிறது என்பது ஒரு பதில். கஞ்சி எல்லாத் தெருவிலும் ஓடியிருக்காது என்பது என்னுடைய பதில்.

தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் எல்லாம் தனித்தனிப் பதிவு கேட்கிற ஊர்கள். இப்போதைக்கு நேரே வேதாரண்யம்.

1930 ஏப்ரல் 13. ராஜாஜி திருச்சியிலிருந்து நூறு பேர் அளவில் தொண்டர்களோடு உப்பெடுக்கக் கிளம்பினார். சுமார் 240 கி.மீ., பதினைந்து நாள் நடை. இதை விடப் பெரிய பட்ஜெட் ட்ரிப் இந்தக் கடலோரத்துக்கு யாரும் போனதில்லை. கையில் பணம் கிடையாது. வழியில் இருக்கிற ஊர்கள் சோறு போடும் என்கிற நம்பிக்கை மட்டும்தான். தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன் என்கிற ஆங்கிலேயர் கெட்டிக்காரர். தடியடி நடத்தினால் பெரிய செய்தியாகிவிடும். சோற்றை நிறுத்தினால் கூட்டம் தானாகக் கரையும் என்று கணக்குப் போட்டார். தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுக்கிறவர்களுக்கு ஆறு மாதம் சிறை என்று அறிவிப்பு வெளியிட்டார்.

கவனியுங்கள், வழிப்போக்கனுக்குச் சோறு போடுவது குற்றம். ஆற்றுப்படை எழுதின நாட்டில், சத்திரங்களுக்குப் பேர் போன தஞ்சாவூர் ஜில்லாவில். தார்ன் படித்தவர்தான், ஆனால் எந்த ஊரில் எந்தச் சட்டத்தைப் போடுகிறோம் என்று தெரியவில்லை. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் பகிரங்கமாக வீட்டில் வைத்துச் சோறு போட்டுவிட்டுச் சிறைக்குப் போனார். மற்ற இடங்களில் சோற்றுப் பொட்டலங்கள் சாலையோர மரக்கிளைகளில் தொங்கின. போலீஸ் கண்ணுக்குத் தெரியாமல் சாப்பாட்டை ஒளித்து வைத்துவிட்டு, இருக்கிற இடத்தை மட்டும் குறிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மரத்தில் தொங்கினால் யார் கொடுத்தது என்று எப்படிக் கேஸ் போடுவது? ஏப்ரல் 28-ல் ஊர்வலம் வேதாரண்யம் சேர்ந்தது, 30-ல் ராஜாஜி உப்பெடுத்துக் கைதானார்.

இன்னொரு பக்கம், போலீஸ்காரர்களுக்கு ஊர் ஜனங்கள் வேலை செய்ய மறுத்தார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்கிற நாவிதர் ஒரு ஆளுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது, அவர் போலீஸ்காரர் என்று பாதியில் தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மிரட்டியும் மசியவில்லை, சிறைக்குப் போனார். ராஜாஜியைப் பார்க்கப் போகிறவர்கள் வைரப்பனையும் விசாரித்துவிட்டு வாருங்கள்.

வேதாரண்யத்திலிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் என்று ராமேஸ்வரம் போகிற வழிதான் பழைய சேது யாத்திரைப் பாதையின் கடலோரப் பகுதி. மேலே சொன்ன சத்திரங்கள் இங்கேதான். தஞ்சாவூர் மராத்திய ராஜாக்கள் நீடாமங்கலம், ஒரத்தநாடு, ராஜாமடம், மணமேல்குடி, மீமிசல் என்று வரிசையாகச் சத்திரம் கட்டி வைத்தார்கள், பெரும்பாலும் அரண்மனைப் பெண்கள் பெயரில். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டினது முத்தம்பாள் சத்திரம்.

இந்தச் சரபோஜி 1799-ல் ஒப்பந்தம் போட்டு நாட்டைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். கோட்டைக்குள் மட்டும் ராஜா. அப்படி எல்லாம் போன பிறகு 1801-ல் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். எதற்கு? சத்திரங்களை மட்டுமாவது என் கையில் விட்டுவிடுங்கள் என்று. சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்கிறார். நள்ளிரவு வரைக்கும் சாப்பாடு. அதன் பிறகு மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது உண்டா என்று கூப்பிடுவார்கள். நோயில் விழுந்தால் வைத்தியம், குணமாகும் வரை தங்கலாம். பிரசவத்துக்கு வசதி. யாத்திரையில் பெற்றோர் இறந்துபோனால் குழந்தைகளை வைத்து வளர்த்துப் படிக்க வைப்பது. இன்றைக்கு நாம் போடுகிற ட்ராவல் இன்சூரன்ஸில் இதில் பாதி கிடையாது.

அதே மனுஷன், மல்லிப்பட்டினம் கடற்கரையில், நெப்போலியன் தோற்றதற்காக 1814-ல் எட்டடுக்கு மனோராவை எழுப்பினார் என்பது வேறு விஷயம். நாட்டைப் பிடுங்கினவன் ஜெயித்ததற்கு ஒரு கோபுரம்! ஆனால் மனோராவை விட அந்த நள்ளிரவு மணிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இவ்வளவு புகழ்ந்தாச்சு, மற்ற பக்கத்தையும் சொல்லணும். சத்திரத்தில் எல்லாருக்கும் சோறு உண்டு, ஆனால் எல்லாருக்கும் ஒரே பந்தி கிடையாது. அக்ரகாரத்து ஆளுக்கு உள்ளே இலை, மற்றவர்களுக்கு வேறு இடம். அந்த அரிசி எங்கிருந்து வந்தது? சத்திரத்துக்கு எழுதி வைத்த கிராமங்களிலிருந்து. அந்தக் கிராமத்து வயலில் இறங்கினவர்கள் டெல்டாவின் பண்ணையாட்கள், தலைமுறை தலைமுறையாக அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள். யாத்திரைக்காரனுக்கு ஓசி என்றால், அந்தச் செலவை இன்னொருத்தர் உடம்பு கொடுத்தது என்று அர்த்தம். நாகப்பட்டினத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிக் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலியாகக் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்ட தகராறில், ஒரு குடிசைக்குள் 44 தலித் உயிர்களைக் கொளுத்திய ஊர். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அங்கே இருக்கிற நினைவிடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். "ட்ரிப்ல இதெல்லாம் எதுக்குடா, மூட் அவுட் ஆயிடும்" என்று ஒருத்தன் சொன்னான். ஆகட்டும்.

சத்திரங்கள் எப்படிப் போயின? 1855-ல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் கம்பெனி தஞ்சாவூர் அரசையே முடித்துக்கொண்டது. சத்திரங்கள் சர்க்கார் கைக்குப் போயின. ஆனால் அவற்றை நிஜமாக முடித்துவைத்தது ரயில் என்றுதான் நினைக்கிறேன். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும், சென்னையில் டிக்கெட் எடுத்தவன் தனுஷ்கோடி வரை உட்கார்ந்தே போகலாம். வாரக்கணக்கில் நடந்தவனுக்குத்தான் நடு வழியில் நள்ளிரவுச் சோறு தேவை. ரயிலில் போகிறவன் அந்த ஊர்களைத் தூக்கத்தில் கடந்துவிட்டான். டிக்கெட் காசு ரயில்வேக்கு, சாப்பாட்டுக் காசு ஸ்டேஷன் கடைக்கு. எக்செல் ஷீட்டில் அந்த ரெண்டு பத்தியும் பயணியின் தலைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அந்த ரயிலும் தனுஷ்கோடியில் நிலைக்கவில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் பயணிகளோடு ஒரு ரயிலையே கடல் எடுத்துக்கொண்டது, ஊரும் போனது. வெகுகாலம் மணலில் ஜீப்பிலும் வேனிலும்தான் போக முடிந்தது. 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்ததால் நம்ம காரே போகும். அங்கே ராத்திரி தங்க முடியாது. இருட்டுவதற்குள் ராமேஸ்வரம் திரும்பிவிட வேண்டும். இடிந்த சர்ச்சுக்குப் பக்கத்தில் மீனவப் பெண்கள் கொட்டாய் போட்டு மீன் பொரித்துக் கொடுக்கிறார்கள். பேரம் பேசாமல் சாப்பிடுவது என்று நாலு பேரும் இப்போதே ஒப்புக்கொண்டிருக்கிறோம். அந்த வரியில் மட்டும் ஷீட்டில் தொகை எழுதவில்லை.